சுகாதாரப் பாடம்: குழாய் விட்டுப் பார்க்கப் போறவங்களுக்கும் கூடப் போறவங்களுக்கும்

"தொண்டைக்குள்ள பாம்பு மாதிரி ஒரு குழாய விடுவாங்களாம். நமக்கு வேணாம் சாமி" என்று சொல்லி, பெரியாஸ்பத்திரியில் கொடுத்த தேதிக்குப் போகாமலே இருந்துவிடுகிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. துணிந்து போகிறவர்களிலும் சிலர் சோதிக்காமலே திரும்பி வருகிறார்கள். விடிய 4 மணிக்கு பஸ் ஏறுமுன் குடித்த ஒரு கோப்பை தேத்தண்ணிதான் அதற்குக் காரணம். இரண்டு பேருக்கும் நஷ்டம் ஒன்றுதான். மறு தேதிக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிற புண்ணோ கட்டியோ அதுவரைக்கும் சும்மா இருக்காது.

இந்தப் பாடம் எண்டொஸ்கொப்பி என்ற அந்தப் பரிசோதனையைப் பற்றியது. டொக்டர் செய்கிற வேலை பெரும்பாலும் 5, 10 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தின ராத்திரியும், அதற்குப் பிந்தின ஒரு நாளும் நோயாளியின் கையிலும், தாதியின் (நாம் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவரின்) கையிலும், கூடப் போகிறவரின் கையிலும்தான் இருக்கின்றன. ஆகையால் குழாயைப் பற்றிக் கொஞ்சமும் கவனிப்பைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறோம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவங்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

யாருக்கு இது தேவை?

நெஞ்செரிச்சல், வயிற்றுப் பொருமல், புளித்த ஏப்பம் எல்லாவற்றையும் "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று ஒரே பேரில் சொல்லிவிடுவது நம்ம பழக்கம். அப்படி வருகிற எல்லாருக்கும் குழாய் விட வேண்டியதில்லை. மருந்திலும் சாப்பாட்டு நேரத்தைச் சீர்படுத்துவதிலும் பல பேருக்குச் சுகமாகிவிடும். ஆனால் சில அறிகுறிகளை வைத்துக்கொண்டு கடையில் வெள்ளை மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

முதலாவது, முழுங்கக் கஷ்டம். ரொட்டி இறங்கும்போது நெஞ்சுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் சோறும் நிற்கும். பிறகு கஞ்சிதான் போகும் என்ற நிலைமை வரும். இதற்குள் ஆள் பாதியாக மெலிந்துவிடுவார். நம் நாட்டில் அதிகம் காணப்படுகிற புற்றுநோய்களில் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் ஒன்று. வெத்திலையோடு பொகையிலை சேர்த்துப் போடுவது, பீடி சுருட்டு, சாராயம் ஆகியவை அதற்கு வழி விடுகின்றன என்பது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். ரொட்டி நிற்கிற காலத்திலேயே போனால் டொக்டரால் செய்யக்கூடியது நிறைய இருக்கும். கஞ்சியும் இறங்காத காலத்தில் போனால் வழிகள் குறைந்துவிடும்.

இரண்டாவது, இரத்த வாந்தி அல்லது கறுப்பு மலம். இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. நம்ம பொம்பளைகள் பல பேர் இரத்தக் குறைவுக்கு இரும்புக் குளிசை குடிக்கிறார்கள். அதனாலும் மலம் கறுக்கும். அது வழக்கம்போலக் கட்டியாகவோ, கரும்பச்சையாகவோ இருக்கும்; நாற்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் வருகிற மலம் ரோட்டுக்குப் போடுகிற தார் மாதிரி பளபளவென்று ஒட்டும், கழுவினாலும் லேசில் போகாது, நாற்றமும் சகிக்காது. அப்படிக் கண்டால் அல்லது எதுவென்று சந்தேகமாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதோடு தலைசுற்றலும் வேர்வையும் வந்தால் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்க. அதற்குக் காசு இல்லை.

இரும்புக் குளிசை குடித்தும் ஏறாத இரத்தக் குறைவு, காரணம் இல்லாத மெலிவு, விடாத வாந்தி, வயது போனவர்களுக்குப் புதிதாக வந்த வயிற்று வருத்தம் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். நீண்ட காலம் குடித்து ஈரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் இரத்த நாளம் புடைத்திருக்கும். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதைக் குழாய் வழியாகவே சின்ன ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட முடியும்.

வயிற்றுப் புண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காரம் தின்றதால் வந்தது, பட்டினி கிடந்ததால் வந்தது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் இரண்டு: ஹெலிகோபாக்டர் என்ற கிருமி ஒன்று, வலிக் குளிசை இன்னொன்று. கூடை சுமந்து தோள் வலி, ஏற்ற இறக்கம் நடந்து முழங்கால் வலி என்று டைக்ளோபெனாக், புரூபன், ஆஸ்பிரின் போன்ற குளிசைகளை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! குழாய் விடச் சொன்ன டொக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்க. கடையில் உதிரியாக வாங்கிய குளிசை என்றால் அதன் உறையையாவது கொண்டுபோய்க் காட்டுங்க.

அந்தக் குழாய் என்னதான்?

உங்கள் சின்ன விரல் அளவு தடிப்பு, ஏறக்குறைய 1 மீற்றர் நீளம், வளைந்து கொடுக்கிற ஒரு குழாய். நுனியில் லைட்டும் சின்னக் கமராவும் இருக்கும். உள்ளே தெரிவதை டொக்டர் டிவி போன்ற திரையில் பார்ப்பார். அது மூச்சுக்குழாய்க்குள் போவதில்லை. சோறு போகிற பாதையில்தான் போகிறது. ஆகவே மூச்சு நிற்காது. ஒமட்டும், கண்ணில் தண்ணி வரும், வயிற்றை விரிக்கக் காற்று அடிப்பதால் ஏப்பம் வரும். வெட்டுகிற வலி இருக்காது.

பழைய காலத்தில் இது இப்படி இருக்கவில்லை. 1868ஆம் ஆண்டு ஜெர்மனியில் குஸ்மால் என்ற டொக்டர் நேரான உலோகக் குழாயை வைத்து வயிற்றுக்குள் பார்க்க முயன்றபோது, வாள் முழுங்கி வித்தை காட்டுகிற ஒரு ஆளைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாராம்! வளைகிற குழாயை அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் 1957இல் கொண்டுவந்தார். முதலில் தன்னுடைய தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்கு விட்டார்.

"எல்லார் வாயிலயும் விட்ட குழாய்தானே" என்று அருவருப்புப் படுகிறவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொருவருக்கும் பிறகு அந்தக் குழாயின் உள் துவாரங்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, மருந்துத் தண்ணியில் கழுவி, பிறகு கிருமி கொல்லும் திரவத்தில் குறித்த நேரம் போட்டு எடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பிரிவுத் தாதிமாரின் நாளில் பெரும் பகுதி இந்தக் கழுவலிலேயே போகிறது.

முந்தின ராத்திரியும் அன்று காலையும்

சாப்பிட்டதிலிருந்து குறைந்தது 6 மணித்தியாலம் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம் என்றே சொல்வார்கள். வெறும் தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம் என்று உங்களுக்குத் தந்த கடுதாசியில் இருக்கும். சாதாரணமாக 2 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். கடுதாசியில் போட்டிருப்பதைத்தான் நீங்கள் பின்பற்ற வேண்டும்.

பால் தேத்தண்ணி தண்ணி அல்ல, அது சாப்பாட்டுக் கணக்கு. சாயத்தண்ணியையும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்க. வெத்திலை போட்டால் சிவப்புச் சாறு உள்ளே இறங்கி, பார்க்கிறதுக்கு இடைஞ்சலாக இருக்கும். பீடியும் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தொண்டை விறைக்க மருந்து அடிக்கிறார்கள். அப்போது தொண்டைக்குக் காவல் இல்லை. வயிற்றில் கிடப்பது மேலே வந்தால் அது நேராக நெஞ்சுக்குள், மூச்சுப் பைக்குள் இறங்கிவிடலாம். சளிக் காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் வார்டில் கிடக்க நேரும். உயிர் போகவும் இடமுண்டு. அதனால்தான் மிஸ்ஸி வாசலிலேயே கேட்கிறார்:

"அம்மா, கடைசியா எத்தன மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"ராத்திரி எட்டு மணிக்குங்க மிஸ்ஸி."

"காலையில ஏதாவது குடிச்சீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க... கொஞ்சோண்டு தேத்தண்ணி. குளிரா இருந்திச்சி."

அந்தக் "கொஞ்சோண்டு"வைச் சொன்ன அந்த அம்மா செய்தது சரி. ஏச்சு விழும் என்று பயந்து மறைத்தால்தான் கஷ்டம். அன்றைக்குப் பிந்திச் செய்வார்கள், இல்லாவிட்டால் வேறு தேதி தருவார்கள். மறைத்துவிட்டுப் படுக்கிறதைவிட அது எவ்வளவோ மேல். கூடப் போகிறவர்களும் "பாவம், வெறும் வயித்தோட வந்திருக்கு" என்று பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கிக் கொடுக்காதீங்க.

குளிசை குடிக்கிறவர்கள் தேதி வாங்குகிற அன்றைக்கே எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். பிரஷர் குளிசையைப் பொதுவாக ஒரு வாய்த் தண்ணியோடு போடச் சொல்வார்கள். சீனி வருத்தக்காரர்கள் வெறும் வயிற்றில் இன்சுலின் ஊசியோ சீனிக் குளிசையோ எடுத்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். அன்று காலைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். பட்டியலில் முதலாவதாகப் போடச் சொல்லியும் கேட்கலாம். வரிசையில் இருக்கும்போதே வேர்வை, நடுக்கம், கண் இருட்டல் வந்தால் "சோதனை கெட்டுப்போகும்" என்று அடக்கிக்கொண்டு இருக்காதீங்க. உடனே மிஸ்ஸியிடம் சொல்லுங்க. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் சீனியை வாயில் போட்டுவிட்டுப் போய்ச் சொல்லுங்க. தேதி பிறகு வாங்கலாம்.

இரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற வாபரின், குளோப்பிடோகிரெல், ஆஸ்பிரின் விஷயத்தில் மட்டும் சொந்த யோசனை வேண்டவே வேண்டாம். நிறுத்தாமல் போனால் சில நேரம் இரத்தம் கசியலாம். நீங்களாகவே நிறுத்தினால் மாரடைப்போ பாரிசவாதமோ வரலாம். எதை, எத்தனை நாள் என்று இருதய டொக்டரும் குழாய் விடுகிற டொக்டரும்தான் சொல்ல வேண்டும். இழுப்பு வருத்தம், ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை, வயிற்றில் பிள்ளை இருப்பது எல்லாவற்றையும் சொல்லுங்க. இழுப்புக்காரர்கள் பம்பைக் கையோடு கொண்டுபோங்க.

கையெழுத்துக் கடுதாசி

குழாய் விடுமுன் சம்மதக் கடுதாசியில் கையெழுத்துக் கேட்பார்கள். என்ன செய்யப்போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை விளங்கிக்கொண்டு வைக்கிற கையெழுத்து அது. சிங்களத்தில் இருக்கிற கடுதாசியில் விளங்காமலே கைநாட்டு வைத்துவிட்டு வருகிறவர்கள் நம்மில் உண்டு. 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் கடுதாசி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த தாதி ஒருவரையோ ஊழியரையோ கூப்பிட்டு விளக்கச் சொல்லலாம். சிங்களம் தெரிந்த பிள்ளையைத் துணைக்குக் கூட்டிப்போவதும் நல்லது.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டால், வெறுமனே பார்ப்பதற்கு விடுகிற குழாயில் ஓட்டை விழுவது பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு நடக்கிற காரியம். சாதாரணமாக வருவது தொண்டை நோவும் வயிற்றுப் பொருமலும்தான்.

உள்ளே என்ன நடக்கும்?

பொய்ப் பல்லைக் கழற்றிக் கூடப் போனவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆடுகிற பல் இருந்தால் சொல்லுங்க. நகப்பூச்சு பூசியிருந்தால் வீட்டிலேயே துடைத்துவிட்டுப் போங்க. விரலில் மாட்டுகிற கிளிப் அந்த நகத்தின் வழியாகத்தான் உடம்பில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்க்கிறது. மிஸ்ஸி பேரையும் கிளினிக் இலக்கத்தையும் மறுபடி மறுபடி கேட்பார். எரிச்சல் படாதீங்க. ஒரே பேரில் நாலு பேர் வந்திருப்பார்கள்.

தொண்டைக்கு மருந்து அடிப்பார்கள். கசக்கும், தடித்த மாதிரி இருக்கும். எச்சில் முழுங்க முடியாத மாதிரி ஒரு பயம் வரும். அது மருந்தின் வேலைதான். சிலருக்கு நரம்பில் தூக்க ஊசியும் போடுவார்கள். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, குழாயைக் கடிக்காமல் இருக்க வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள்.

தலைமாட்டில் நிற்கிற தாதிதான் அந்த நேரத்தில் உங்கள் ஆள். கன்னத்தில் சேர்கிற எச்சிலைக் குழாயால் இழுத்தெடுப்பார், மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருப்பார், கையைப் பிடித்துக்கொள்வார். அவர் "மூக்கால மூச்சு எடுங்க" என்று சொன்னால் அதையே செய்யுங்க. எச்சிலை முழுங்கப் பார்க்காமல் வாயோரமாக வழிய விடுங்க. கையால் குழாயைப் பிடித்து இழுக்காதீங்க. ஏதாவது தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்கிக் காட்டுவது என்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளலாம். மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஒமட்டலும் குறையும்.

சில நேரம் உள்ளே இருந்து கடுகளவு சதை எடுப்பார்கள். அது வலிக்காது. சதை எடுத்தாலே புற்றுநோய் என்று அழுதுகொண்டு வெளியே வராதீங்க. அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் அதே சதையைத்தான் எடுக்கிறார்கள்.

வெளியே வந்த பிறகு

இந்த இடத்தில்தான் கூடப் போகிறவர்கள் முழுக் கவனமாக இருக்க வேண்டும். வெளியே கொண்டுவந்ததும் பாசத்தில் செய்கிற முதல் காரியம், பிளாஸ்கைத் திறந்து சுடச்சுடத் தேத்தண்ணி கொடுப்பது. தொண்டை விறைப்பு எடுபட அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் வரைக்கும் ஆகலாம். அதற்குள் குடித்தால் புரை ஏறும், சூடு தெரியாமல் வாயும் வெந்துவிடும். மிஸ்ஸி சரி என்று சொன்ன பிறகு நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கரண்டி ஆறின தண்ணி கொடுத்துப் பாருங்க. இருமாமல் இறங்கினால் இன்னும் கொஞ்சம் கொடுங்க. பிறகு மெதுவான சாப்பாடு. கொச்சிக்காய்ச் சம்பலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்க ஊசி போட்டவர்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பிரஷரும் மூச்சும் அடிக்கடி பார்ப்பார்கள். ஆள் கண் விழித்து நன்றாகப் பேசுவார். ஆனால் பேசினதும் டொக்டர் சொன்னதும் பிறகு ஞாபகம் இருக்காது. ஆகவே டொக்டர் சொல்வதைக் கூடப் போனவர்தான் கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஊசி போட்ட ஆள் தனியாக பஸ்ஸில் வரக் கூடாது. ரோட்டில் இறங்கி லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டிலும் கையைப் பிடித்துக் கூட்டி வாங்க.

அடுத்த 24 மணித்தியாலத்துக்கு மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் ஓட்டக் கூடாது, ஸ்டோரில் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, கவ்வாத்துக் கத்தி பிடிக்கக் கூடாது, சாராயம் தொடக் கூடாது. கடன் கடுதாசி, காணிக் கடுதாசி எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். கைப்பிள்ளையை அந்த ஆளிடம் தனியாக விடுவதும், அடுப்படி வேலை கொடுப்பதும் கூடாது. "நல்லாத்தானே இருக்கேன், நாளைக்கு மலைக்குப் போகாட்டி பேரு போயிரும்" என்பார்கள். முதல் நாளே கங்காணியிடமும் டிஸ்பென்சரியிலும் சொல்லி, கிளினிக் துண்டைக் காட்டி வைத்துவிட்டால் இந்த அவசரம் இருக்காது. ஊசி போடாமல் தொண்டை மருந்து மட்டும் அடித்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை.

அன்று ராத்திரி காம்பராவில் யாராவது ஒருவர் முழிப்பாகக் கவனிக்க வேண்டும். நேரம் போகப் போகக் கூடுகிற நெஞ்சு வலி அல்லது வயிற்று வலி, பலகை மாதிரி இறுகின வயிறு, காய்ச்சல் நடுக்கம், மூச்சுத் திணறல், கழுத்தில் வீக்கம், இரத்த வாந்தி, தார் மாதிரி மலம் என்று இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீங்க. கோடாலித் தைலம் தேய்ப்பதும் பெனடோல் கொடுப்பதும் நேரத்தைத்தான் வீணாக்கும். 1990க்கு அடித்து, இன்றைக்குத்தான் குழாய் விட்டார்கள் என்பதை முதலில் சொல்லுங்க. வாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். சதை எடுத்தவர்களுக்கு எச்சிலில் லேசாகச் சிவப்புக் கீற்றுத் தெரிவதும், ஒரு நாள் இரண்டு நாள் தொண்டை நோவதும் சாதாரணம்.

றிப்போட்

உள்ளே பார்த்ததை அன்றைக்கே எழுதித் தந்துவிடுவார்கள். சதையின் முடிவு வரக் கிழமைக் கணக்கில் ஆகும். எந்தத் தேதிக்கு, எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று கேட்காமல் வார்டை விட்டு வெளியே வராதீங்க. சதை எடுத்துவிட்டு முடிவை வாங்கப் போகாமல் விட்டால் அவ்வளவு கஷ்டப்பட்டதும் வீண்தான்.

அந்தக் கிருமி இருப்பதாக வந்தால், இரண்டு வகைக் கிருமிக் குளிசையும் அமிலம் குறைக்கிற குளிசையும் சேர்த்து 10 அல்லது 14 நாளுக்குத் தருவார்கள். வாய் கசக்கும், இரும்பைச் சப்பின மாதிரி இருக்கும். நாலாம் நாளே எரிச்சல் போய்விட்டது என்று மிச்சத்தை அலுமாரியில் போட்டுவிட்டால், கிருமி பாதி செத்துப் பாதி பலம் பிடிக்கும். மறுபடி அதே குளிசைக்கு அது மசியாது. அதில் மெட்ரோனிடசோல் இருந்தால், குடிக்கிற காலத்திலும் முடித்த பிறகு இரண்டு மூன்று நாளும் தவறணைப் பக்கம் போக வேண்டாம். சாராயத்தோடு சேர்ந்தால் முகம் சிவந்து, படபடத்து, வாந்தி எடுக்கும்.

றிப்போட்டை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, லயத்துக் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து வையுங்க. அடுத்த முறை டிஸ்பென்சரிக்குப் போகும்போது அதைக் காட்டி, உங்களுக்கு எந்த வலிக் குளிசை ஆகாது என்பதை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க.